பிள்ளை வளர்ப்பும் வாழ்க்கைத் துணைநலமும்



திருவள்ளுவப் பெருந்தகை அறத்துப்பாலில் இல்வாழ்க்கையை 5-ஆம் அதிகாரமாகவும், வாழ்க்கைத் துணைநலத்தை 6-ஆம் அதிகாரமாகவும், மக்கட்பேற்றை 7-ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளார். பள்ளியில் இந்த வரிசையை மனப்பாடம் செய்ததோடு சரி, ஏன் இப்படி வைத்தார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு முன்னே துணையைப் பேசுகிறார். துணை சரியாக அமையாத வீட்டில் மக்கட்பேறு என்ற செல்வமே சுமையாகிவிடக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கொள்கிறேன். துணைநலம் என்ற அதிகாரம் மனைவியின் மாண்பைத்தான் பேசுகிறது. ஆயினும் கணவனும் மனைவிக்கு வாழ்க்கைத் துணைதானே! இக்காலத்தில் அவ்வதிகாரத்தைக் கணவன்மார்களும் தங்களுக்கென்று ஒருமுறை படிப்பது நல்லது.

நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் தாய் சேய் நல மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றி, ஓய்வு பெற்று, சுபாங் ஜெயாவில் வசித்து வருகிறேன். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அறநிலையத்தார் கேட்டபோது, தல புராணமோ விரத மகிமையோ எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றேன். எனக்குத் தெரிந்தது பிள்ளை பெற்றவர்களின் களைப்பு. அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, துணி மாற்றித் தூங்க வைப்பதற்குள் ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடமாவது ஆகும். 12 தடவை என்றால் 8 மணி நேரம். வாரத்திற்கு 56 மணி நேரம். நம் நாட்டு வேலைச் சட்டம் வாரத்திற்கு 45 மணி நேரத்திற்கு மேல் சாதாரண வேலை வாங்கக் கூடாது என்கிறது. 2023 ஜனவரி முதல் தேதிக்கு முன் அது 48 ஆக இருந்தது. தாய்க்கு இந்த 56 மணி நேரம் பால் கொடுப்பதற்கு மட்டும். சமையல், துணி துவைத்தல், மூத்த பிள்ளை எல்லாம் அதற்கு மேல். ஓய்வு நாளும் கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. தஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளின்படி ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயது வரையானால் 5 பேருக்கு ஒருவர். பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி, மாலையில் வீட்டுக்குப் போய்த் தூங்கும் ஒருவருக்கே சட்டம் இப்படி வரம்பு கட்டுகிறது. இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தை ஒரு பக்கம் அழ, காய்ச்சலில் மூத்தது ஒரு பக்கம் அழ, நடுவில் நிற்கும் தாய்க்கு எந்த விதியும் எழுதப்படவில்லை.

“நாங்கள் ஆறு பெற்று வளர்க்கவில்லையா?”

இதைச் சொன்னால் உடனே ஒரு மாமியார் கேட்பார்: “நாங்கள் ஆறு பெற்றோம், ஏழு பெற்றோம், வேலைக்கும் போனோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெற்றதும் என்ன களைப்பு?” மருந்தகத்தில் நான் இதைக் கேட்காத வாரம் இல்லை. அந்த அம்மையார் சொல்வது பொய்யன்று. ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

சுபாங் ஜெயா இன்று மாநகரம். 2020 அக்டோபர் 20-இல் இதற்கு மாநகராட்சித் தகுதி கிடைத்தது. ஆனால் 1970-களின் நடுப்பகுதியில் வீடமைப்பு தொடங்குவதற்கு முன் இது சீஃபீல்டு ரப்பர் தோட்டம். நாம் கார் நிறுத்த இடம் தேடி அலையும் தெருக்களில் அன்று நம் சனங்கள் நிரை பிடித்துப் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் தாய்மார் தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போவார்கள். இந்நாட்டுத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே வரிசையாகத் தொங்கும் ஏணைகள் நினைவுக்கு வரும். காடு மேட்டுக்குப் போக முடியாத வயதான பெண்மணி ஒருவர் அத்தனை ஏணைகளையும் ஆட்டிக்கொண்டிருப்பார். தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டமும் உண்டு. 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டத்திலும் அது இடம்பெற்றது.

மரம் வெட்டுவதிலும் பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரே நிரையில் நின்றார்கள். அவர் வெட்டிக்கொண்டே போக, இவர் மங்கு துடைத்துக்கொண்டு பின்னால் வருவார். மாலையில் லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடினால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கண் அவர்கள் மேல் இருக்கும். பிள்ளை பசித்தால் யார் வீட்டுச் சட்டியில் சோறு இருக்கிறதோ அங்கே சாப்பிடும்.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த கணவன்மாரும் இருந்தார்கள், அடி வாங்கிய மனைவிமாரும் இருந்தார்கள், பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளும் இருந்தன. பழைய காலத்தைப் பொன்னாக்கிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நான் சொல்வது கைகளின் எண்ணிக்கையை மட்டும். ஆறு பிள்ளைகளை வளர்த்த அந்த அம்மையாருக்குப் பின்னால் ஆயா, பெரியம்மா, மூத்த மகள், அடுத்த வீட்டுக்காரி என்று பத்துப் பன்னிரண்டு கைகள் இருந்தன. அந்த மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றுதான் தம்பி தங்கைகளை வளர்த்தாள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இன்று அதே மண்ணில் அடுக்குமாடியிலோ மாடித் தொடர்வீட்டிலோ இருக்கும் இளம் தம்பதியர்க்கு மொத்தம் நான்கு கைகள். அதில் இரண்டு கைகள் எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால், வீட்டில் இருப்பவை இரண்டே.

அன்பு குறைந்ததால் வருவதன்று

பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிக்கோலாய்சாக் என்னும் இரு பெண் அறிஞர்கள் இந்தச் சோர்வைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் நான்கு அறிகுறிகளைச் சொல்கிறார்கள். பிள்ளைகளை எண்ணினாலே உடலும் மனமும் வற்றிப்போனதுபோல் இருத்தல். முன்பு நான் இப்படிப்பட்ட தாயாக, தந்தையாக இருக்கவில்லையே என்ற ஏக்கம். பெற்றோராக இருப்பதிலேயே சலிப்பு. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே பிள்ளையிடமிருந்து மனத்தால் விலகிப்போதல். சாதாரணக் களைப்பு ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் போய்விடும். இது போகாது.

2021-இல் அவர்கள் 42 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. இந்தச் சோர்வு வறிய நாடுகளைவிட, அவரவர் வாழ்க்கை அவரவர்க்கு என்று வாழும் செல்வ நாடுகளில்தான் அதிகம் என்று அதில் தெரியவந்தது. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. கைகள் எங்கே குறைகின்றனவோ அங்கே சோர்வு கூடுகிறது. இது முற்றினால் எல்லாவற்றையும் விட்டு ஓடிவிட வேண்டும் என்ற எண்ணமும், பிள்ளையைக் கவனியாமல் விடுதலும், கை நீட்டுதலும் வரும் என்பதையும் அவர்களுடைய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே இதைப் பெண்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. தாய் தந்தையைத் தாங்குவது குழந்தையைக் காப்பதாகும்.

பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு இதனோடு நெருங்கியது, ஆனால் வேறு. பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு ஏற்படுவதாகவும், அதில் பெரும்பாலானது மனச்சோர்வே என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என்றால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மந்திரிப்பதும் கயிறு கட்டுவதும் உங்கள் நம்பிக்கை, நான் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து கட்டுங்கள்.

நல்லவர்தான், ஆனால்...

எங்கள் பகுதியில் ஓர் இளம் தாய். கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. மூன்று வயதில் ஒன்று, ஐந்து மாதத்தில் ஒன்று. கோயிலில் என்னைப் பார்த்து ஓரமாக அழைத்துச் சொன்னாள்: “மிஸ்ஸி, வேலை முடிந்து பிள்ளை பார்க்கும் அம்மா வீட்டுக்கு வருகிறேன். காரை வாசலில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளை அழுவது கேட்கிறது. இறங்கக் கால் வரவில்லை. நான் கெட்ட தாயா?”

அவள் கணவர் குடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், பிள்ளைகள் மேல் உயிர். அவரிடம் பேசியபோது உண்மையாகவே திகைத்தார். “நான் உதவி செய்துகொண்டுதானே இருக்கிறேன், மிஸ்ஸி? இது வேண்டும் என்று சொன்னால் உடனே செய்வேனே!” என்றார்.

அன்பர்களே, அந்தச் ‘சொன்னால் செய்வேன்’ என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. பால் மாவு எப்போது தீரும், தடுப்பூசி என்றைக்கு, காய்ச்சல் மருந்து கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, தீபாவளி வாரம் பிள்ளை பார்க்கும் அம்மா ஊருக்குப் போனால் என்ன செய்வது, தடிக்கா சீருடை காய்ந்ததா என்று எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் வைத்திருந்து, ஒவ்வொன்றாகச் சொல்லி வேலை வாங்க வேண்டும் என்றால் அவள் கங்காணியும் ஆகிறாள், கூலியும் ஆகிறாள். உதவி செய்பவர் வேலை முடிந்ததும் போய் உட்கார்ந்துவிடலாம். பொறுப்பேற்றவரால் முடியாது. கணவர் ஒரு வேலையை ஏற்றுக்கொள்வதென்றால் அதன் நினைவையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசப் புத்தகம் ஒன்று வாங்கி, பிள்ளைகளுக்காகச் செய்தவற்றையும் நினைத்தவற்றையும் ஒரு வாரம் ஆளுக்கொரு பக்கமாக எழுதுங்கள் என்று சொன்னேன். அவருக்கு ஒரு பக்கம் நிறையவில்லை. அவளுடையது நான்காம் பக்கத்தையும் தாண்டியது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம். அன்றிரவு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை குழந்தை தம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். எடுத்து வைத்த தாய்ப்பாலைச் சூடாக்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். மருந்தகத்துக்குக் கூட்டிப்போவதும் தடிக்கா சம்பந்தப்பட்டவையும் முழுக்க அவருடையவை ஆயின.

முதல் சில வாரங்கள் சிரமந்தான். டயப்பரை முன்பின் மாற்றிக் கட்டினார். தடிக்காவின் வண்ண உடை நாளை மறந்து சீருடையில் அனுப்பினார். அவள் ஓடிப்போய்த் திருத்தாமல் இருந்ததுதான் அவள் பங்கு என்று நான் சொல்வேன். ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் நின்று குறை சொன்னால் பொறுப்பு நம்மிடமே திரும்பி வந்துவிடும். மனைவிமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, “காரிலிருந்து இறங்கிவிடுகிறேன், மிஸ்ஸி” என்றாள். அவர்கள் வீட்டில் இப்போதும் சண்டை உண்டு. ஆனால் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கியவள் போடும் சண்டை வேறு மாதிரி இருக்கும்!

தந்தையர் களைப்படைவதில்லையா என்றால், அடைகிறார்கள். பகலில் தொழிற்சாலை, இரவில் வாடகைக் கார் என்று இரண்டு வேலை பார்ப்பவர்களை நான் அறிவேன். வெளியே சொல்ல வெட்கம், அதனால் கோபமாக வெளிவருகிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள மகனை வைத்திருக்கும் ஒரு தந்தையிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வாருங்கள் என்று மனைவி சொல்லிவிட்டார். அவர் பஜனைக்குப் போகிறார். அவர் திரும்பி வந்ததும் அந்த அம்மையார் தம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். பல வருடங்களாக அந்தக் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

தாயும் ஆனவர்

நம் சமயத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லையா என்று கேட்பீர்கள். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்ற திருநாமம் வந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் செட்டிப் பெண் பேறுகால வேதனையில் இருக்கிறாள். துணைக்கு வர வேண்டிய தாய் காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவன் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும்வரை தாயையும் சேயையும் பேணினார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் காணிக்கை செலுத்துகிறார்கள்.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொடுவது ஒன்று உண்டு. இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை நிறுத்தியிருக்கலாம். வலியில்லாமல் பிள்ளை பிறக்க வரம் கொடுத்துவிட்டுக் கயிலாயம் திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அறைக்குள் வந்து, கூடவே இருந்து, பேறுகாலத் துணி அலசும் வேலை வரைக்கும் இறங்கினார். ஆண்கள் செய்யும் வேலையா இது என்று கேட்கும் சிவபக்தர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

முருகப்பெருமானை வளர்க்கக் கார்த்திகைப் பெண்கள் அறுவர் வேண்டியிருந்தது என்பதையும் போகிற போக்கில் நினைவூட்டுகிறேன்.

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகிறவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டு, கிடைத்ததும், கரும்பில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையை அதில் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்கி 272 படிகளை ஏறுகிறார்கள். முன்னால் போகிறவர் வேகமாக நடந்தால் பின்னால் வருபவர் தடுமாறுவார். ஒருவர் களைத்து நின்றால் மற்றவரும் நின்றே ஆக வேண்டும். அன்று எந்தக் கணவரும் ‘நீ தூக்கிக்கொண்டு வா, வேண்டுமானால் கூப்பிடு’ என்று சொல்வதை நான் கண்டதில்லை. வருடத்தில் அந்த ஒரு நாள் அவ்வளவு நன்றாகத் தெரிகிற காரியம் வீட்டுப் படியேறியதும் மறந்துபோவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வருகிறது. 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. திருமணமான தந்தைக்குச் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு, ஐந்து பிரசவம் வரை. ஏழு நாள் போதாது என்பது என் கருத்து. கிடைக்கிற ஏழு நாளையும் உறவினரை வரவேற்பதிலும் பெயர் சூட்டு விழா ஏற்பாட்டிலும் சிலர் கழித்துவிடுகிறார்கள். அது விருந்தாளிகளுக்கான விடுப்பு அன்று. 2022 டிசம்பர் முதல் இல்லத்தரசிகளுக்கென்று பெர்கேசோவின் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் பாதுகாப்பு உண்டு. வீட்டில் செய்வதும் வேலைதான் என்று நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிது. மனைவிக்காகக் கணவர் இதைக் கட்டலாம். திருமண நாளுக்குச் சேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாமே!

இதுவரை துணை இருக்கும் வீடுகளைப் பேசினேன். துணை இல்லாத வீடுகளும் நம்மிடையே உண்டு. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மனைவியை இழந்து பெண் பிள்ளைகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்ட தந்தையர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார். இவர்களிடம் போய்த் துணைநலத்தின் அருமையைப் பேசுவது புண்ணில் கோல் விடுவதாகும். இவர்களுக்கு நாம்தான் மறு கையாக வேண்டும். மனம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அறநிலையத்திற்கு வாரி வழங்கும் நன்கொடையாளர்கள், பள்ளி உபகாரச் சம்பளத்தைப்போலவே இத்தகைய ஒரு தாய்க்கு ஓராண்டுத் தஸ்கா கட்டணத்தையும் அறமாகக் கருதலாம்.

பணமே வேண்டாத ஒன்றும் இருக்கிறது. திருவிழா நாட்களில் அன்னதானப் பந்தியைக் கவனித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்காரிகள் கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுவார்கள். உட்கார்ந்தாலும் இடக்கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, அது இலையை இழுக்க, சாம்பார் மடியில் சிந்த, அரைகுறையாக எழுந்து போவார்கள். அவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்கலாம். மண்டபத்தின் ஓரத்தில், விசிறிக்குக் கீழே, பாய் விரித்து இரண்டு ஏணை கட்டி, அனுபவப்பட்ட அம்மையார் நால்வரை அமர்த்தினால் போதும். வரும் திருவிழாவுக்கு நான் வருகிறேன் என்று நிர்வாகத்தாரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் மூவர் வேண்டும். தந்தையரும் பெயர் கொடுக்கலாம்.